அம்மா தமிழ் பேசாத கோடை

நம் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆளுக்கொரு வாரம் சிறு வயது நினைவு ஒன்றை எழுதி வந்து வாசிக்க வேண்டும் என்று முடிவானபோதே, என் முறை வரும்போது மாட்டிக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கெல்லாம் காவிரிப் படித்துறை இருக்கிறது, மாம்பலத்து மாடி வீடு இருக்கிறது, தேரோடும் வீதி இருக்கிறது. எனக்கு ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை இருந்தது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்னக் கடற்கரை ஊர். "அங்க என்ன இருந்திருக்கும்? குளிர்தானே?" என்று போன வாரம் எடிசன் லைப்ரரி வாசலில் நம்மில் ஒருவர் கேட்டார். குளிர் இருந்தது. கழுதைகள் இருந்தன. என் அம்மா இருந்தாள், முப்பது வயதில்.

அந்த ஊர் வருஷத்தில் மூன்று மாதம்தான் விழித்திருக்கும். மற்ற நாளெல்லாம் ஐஸ்கிரீம் கடைகளுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். கடலுக்குள் நீண்டிருக்கும் மரப்பாலத்தின் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். கடல் நீலமாக இருந்து நான் பார்த்ததில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம். தண்ணீர் இறங்கும் வேளையில் அது எவ்வளவு தூரம் போய்விடும் என்றால், கடலைப் பார்க்க மணலில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். காற்றில் சாய்ந்துகொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். மணல் புத்தகத்துக்குள் இருக்கும், படுக்கை விரிப்பில் இருக்கும், ரசத்தில்கூடப் பல்லில் அகப்படும். மூடுபனி நாட்களில் கப்பல்களுக்காக ஒரு சங்கு ஊதுவார்கள், அடி வயிற்றிலிருந்து வருகிற குரலில். முதல் தடவை அதைக் கேட்டதும் அம்மா, "எந்த மாட்டுக்கோ கன்னு செத்துருச்சாட்ட இருக்குது" என்றாள். எங்கள் சொந்த ஊர் ஈரோட்டுக்குக் கிழக்கே.

அப்பா அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் சின்ன டாக்டர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வேலையைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பெரிய டாக்டர் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். அதனால் பெரிய டாக்டர் எது சொன்னாலும் அப்பாவுக்கு அது சட்டம். நாங்கள் ஒரு விடுதி வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். வீட்டுக்கார அம்மா விதவை. கோடையில் கீழே உள்ள அறைகளை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடுவார். மாடிப்படி முழுக்க மண்ணெண்ணெய் ஹீட்டரின் வாசனையும் ஈரக் கம்பளிக் கோட்டின் வாசனையும் இருக்கும்.

என் தம்பிக்கு அப்போது மூன்றரை வயது. சிவப்பு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, அதைத் தூக்கத்திலும் கழற்ற விடமாட்டான். பார்க்கிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிற அழகு. ஆனால் பேச்சு வரவில்லை. 'ம்' என்றும் 'ஆ' என்றும் சில சத்தங்கள், அவ்வளவுதான்.

அம்மா அவனோடு நாள் முழுக்கப் பேசுவாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, அவனை மடியில் வைத்துக்கொண்டு, கடல் பறவைகளைக் காட்டி, "தா பாரு சாமி, வெள்ளைக் காக்கா. அதுக்குப் பசிக்குதாம். உன்ற ரொட்டியக் கேக்குது" என்று தொடங்கினால் நிற்காது. ஊரில் விட்டு வந்த எருமை, அவளுடைய சின்ன அண்ணன், மஞ்சள் காய்ந்த களம், எல்லாம் வரும். அவன் அவளுடைய தொண்டைக்குழியில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பான். ஒரு மணி நேரம்கூட. அதைப் பாசம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஈஸ்டர் விடுமுறையில் ஒரு நாள் குழந்தைகளைப் பார்க்க வீடு வீடாக வருகிற நர்ஸம்மா வந்தார். அப்பா டூட்டியில் இருந்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூட இங்கிலீஷ் நன்றாக வரும். நான்தான் நடுவில் உட்கார்ந்தேன். காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி.

நர்ஸம்மா படங்களைக் காட்டினார், கட்டைகளை அடுக்கச் சொன்னார். தம்பி நன்றாகவே அடுக்கினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் நிமிரவில்லை. அம்மா என் கையைப் பிடித்தாள்.

"சாமி, இவங்ககிட்டச் சொல்லு. கிட்ட உக்காந்து பேசுனாச் சிரிக்கறான். பொறத்தால நின்னு கூப்புட்டாக் கேக்க மாட்டேங்கறான். எனக்குப் பயமா இருக்குதுன்னு சொல்லு."

நான் சொன்னேன். அம்மா கூப்பிட்டால் இவன் லிஸன் பண்ண மாட்டான் என்று சொன்னேன். நம் பாஷையில் கேட்பது எல்லாம் ஒரே கேட்பதுதான். காதில் விழுவதும் கேட்பது, சொல்படி நடப்பதும் கேட்பது. அந்த பாஷையில் அது வேறு, இது வேறு. நான் எடுத்துக் கொடுத்தது தப்பான வார்த்தை. பயமாக இருக்கிறது என்பதை மொத்தமாக விட்டுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நர்ஸம்மா சிரித்தார். இந்த வயசுப் பையன்கள் எவன்தான் சொன்னபடி கேட்கிறான், என் மகனும் இப்படித்தான் என்றார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று அம்மாவும் சிரித்தாள். கிளம்பும்போது நர்ஸம்மா வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?

நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்குச் சேதி சொல்லியிருக்க வேண்டும்; அடுத்த வாரம் பெரிய டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினாராம். அன்று மாலை அப்பா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ரெண்டு மொழி காதுல விழுந்து அவன் கொழம்பிப் போயிட்டானாமா. இனிமே வீட்டுல தமிழ் வேண்டாம். இங்கிலீஷ் மட்டுந்தான்."

"எனக்கு இங்கிலீஷ் எங்கீங்க வருது?"

"கத்துக்கோ."

"அது வர்ற வரைக்கும் அவங்கிட்ட என்னத்தைங்க பேசறது?"

அப்பா இரண்டு நாளாக வார்டிலேயே தூங்கி எழுந்தவர். அதை இப்போது சொல்கிறேன். அன்று எனக்கு அது தெரியாது. "வர்ற வரைக்கும் பேசாம இரு" என்றார்.

ஆஸ்பத்திரித் தாளின் பின்பக்கத்தில், பாலைக் குடி, பூட்ஸைப் போடு, நல்ல பையன், இங்கே வா, தொடாதே என்று இருபது வாக்கியங்களை இங்கிலீஷில் சொல்ல வேண்டியபடி தமிழ் எழுத்தில் எழுதி, சமையல் மேடைக்கு மேலே ஒட்டினார். அப்பாவின் கையெழுத்து அழகானது. தாளித்த எண்ணெய் பட்டு அந்தத் தாள் ஓரமெல்லாம் மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அது எங்கே போயிற்று என்று பிறகு எவ்வளவோ தேடியிருக்கிறேன். அம்மாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும், அம்மா தமிழ் பேசினால் அப்பாவிடம் சொல்வதும் என் வேலை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதை உங்களிடம் ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

அம்மா அடுப்படியில் நின்று ஒவ்வொரு வாக்கியமாகப் பார்த்துப் படிப்பாள். "ட்ரிங்க் யுவர் மில்க்." தம்பி அவள் முகத்தையே பார்ப்பான். மடியில் ஏறித் தொண்டைக்குழியில் காதை வைப்பான். அங்கே ஒன்றும் இருக்காது. பிறகு இரண்டு கையாலும் அவள் மோவாயைப் பிடித்து ஆட்டுவான், நின்றுபோன கடிகாரத்தை ஆட்டுவது போல. அம்மா தாளைத் திரும்பிப் பார்ப்பாள். அதில் அதற்கு வாக்கியம் இல்லை.

வினோதம் என்னவென்றால், வீட்டுக்கார அம்மாவிடம் அவள் தமிழில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார்கள். அவர் இங்கிலீஷில் ஏதோ சொல்வார், அம்மா தமிழில் ஏதோ சொல்வாள். அவர் தலையாட்டுவார், அம்மாவும் தலையாட்டுவாள். தடை தம்பிக்குத்தானே, அவருக்கு இல்லையே. அம்மா மனம் விட்டுத் தமிழ் பேச அந்த ஊரில் மிஞ்சியது, தமிழ் தெரியாத அந்த ஒருவர்தான்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டது. கடற்கரைச் சாலை வழியாக வந்தேன். அங்கே காற்றுக்கு ஒதுங்கி உட்கார நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கூடங்கள் உண்டு. கிழவர்கள் தெர்மாஸ்கோடு உட்கார்ந்திருப்பார்கள். கடைசிக் கூடத்தில் நீலக் கோட்டுக்குக் கீழே சேலைக் கரை தெரிந்தது. அம்மா. மடியில் தம்பி. அவன் காது அவள் கழுத்தில். உப்பு படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. தமிழ்தான் என்று தெரிந்தது, ஏனென்றால் அவள் கைகளும் பேசிக்கொண்டிருந்தன. இங்கிலீஷ் பேசும்போது அம்மாவின் கைகள் அசையாது.

அன்று மாலை அப்பா வந்ததும் சொல்லிவிட்டேன். "அப்பா, அம்மா தினமும் பீச்சுல தம்பிகிட்டத் தமிழ் பேசறாங்க." தினமும் என்பது நானாகச் சேர்த்தது.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டித் தொட்டியில் கை கழுவினார். பிறகு அம்மாவிடம், "அவன் ஊமையாப் போனா அது உன்னாலதான்" என்றார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. எனக்குத் தட்டில் சோறு போட்டாள். மறுநாளிலிருந்து அந்தக் கூடத்துக்கு அவள் போகவில்லை.

ஜூன் வந்தது. ஊர் விழித்தது. பலகைகளைக் கழற்றினார்கள். பலூன், கோடு போட்ட மிட்டாய், பொரித்த உருளைக்கிழங்கில் தெளித்த வினிகரின் புளிப்பு, இயந்திரங்களில் மணி அடிக்கும் சத்தம். மணலில் கழுதைச் சவாரி தொடங்கியது. ஏழு கழுதைகள், நெற்றிப் பட்டையில் ஒவ்வொன்றின் பெயர், கழுத்தில் சின்ன மணிகள். கழுதைக்காரர் தொப்பியைக் கண்வரை இறக்கிப் போட்டிருப்பார். ஊர் முழுக்க இவ்வளவு சத்தம் இருந்த அந்த இரண்டு மாதம், எங்கள் மேல்மாடியில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். அம்மா இளைத்துவிட்டாள். இங்கிலாந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா சத்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு அன்றும் டூட்டி. நான், அம்மா, தம்பி மூவரும் மணலில் இருந்தோம். மணலே தெரியாத கூட்டம். நான் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது அம்மா மட்டும் எழுந்து நின்றிருந்தாள். தம்பி இல்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கடல் போகும்போது மெதுவாகப் போகும், வரும்போது குதிரை மாதிரி வரும்.

அம்மா ஓடினாள். "கம் ஹியர்! கம் ஹியர்!" என்று தாளில் இருந்ததைக் கத்தினாள். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இரண்டு வார்த்தை தீர்ந்ததும் அவளுக்கு வேறு வார்த்தை இல்லை. அப்புறம் தமிழ் வந்தது. "சாமீ! என்ற சாமீ! எங்கடா போனே!" அப்படி ஒரு குரல் அம்மாவுக்குள் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

சிவப்பு பூட்ஸை நான்தான் முதலில் பார்த்தேன். கழுதைகள் திரும்பி வருகிற ஓடுதடத்தின் நடுவே, எங்களுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு கழுதைகளும் அவன் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தன, அத்தனை மணியும் அடிக்க. கழுதைக்காரர் கத்தினார். விசில் ஊதினார். ஒரு சவாரிக் குழந்தை வீரிட்டது. தம்பி திரும்பவில்லை. கழுதைக்காரர் பாய்ந்து அவனைச் சட்டையோடு பிடித்துத் தூக்கினார்.

அம்மா போய்ச் சேர்ந்தபோது அவர் தம்பியைத் தரையில் இறக்கி விட்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நின்றோம். அவர் தம்பியின் தலைக்குப் பின்னால் கைகளைக் கொண்டுபோய்ப் பலமாகத் தட்டினார். மறுபடி தட்டினார். பக்கத்தில் நின்ற கழுதை காதைச் சிலிர்த்தது. தம்பி மணலில் ஒரு கிளிஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பையனுக்குக் காது கேட்காதம்மா, உங்களுக்குத் தெரியாதா என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "என்னடா சாமி சொல்றாரு?"

"தம்பிக்குக் காது கேக்கலயாம்மா."

அம்மா அப்படியே ஈர மணலில் உட்கார்ந்தாள். "அதத்தான அன்னைக்கு உங்கிட்டச் சொன்னேன்" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் இன்னும் என்னை விடவில்லை.

இரண்டு வாரத்தில் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். செவிப்பறைக்குப் பின்னால் பசை போல் நீர் கட்டியிருந்தது. தண்ணீருக்கு அடியில் இருக்கிறவனுக்குக் கேட்பது போலத்தான் இவனுக்கு இதுவரை கேட்டிருக்கும், காதை ஒட்டிப் பேசினால் மட்டும் கொஞ்சம் விழும் என்றார் அந்த டாக்டர். சின்ன அறுவை. செவிப்பறையில் இரண்டு பொடிக் குழாய்கள். வீட்டுக்கு வந்த அன்று அவன் சமையலறைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டான். பறவைகள் கத்தியபோது போர்வைக்குள் ஒளிந்தான்.

மூன்றாம் மாதம் பேச ஆரம்பித்தான். இங்கிலீஷில். வீட்டுக்கார அம்மாவின் அதே கிழக்குக் கரை இழுப்போடு.

அம்மா அப்பாவிடம் கேட்டாள், நான் இருந்தேன். "இனித் தமிழ்ல பேசட்டுங்களா?"

"இப்பத்தான் வாயைத் தொறந்திருக்கான். ஒரு வருசம் போகட்டும். மறுபடி கொழப்ப வேண்டாம்."

அந்த ஒரு வருடம் முடிந்ததாக யாரும் சொல்லவில்லை. அம்மாவும் மறுபடி கேட்கவில்லை. நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்தோம், பெரிய வீடு வாங்கினோம், தம்பி கெட்டிக்காரனாக வளர்ந்தான். அவனுக்கு மிஞ்சிய தமிழ் 'அம்மா', 'அப்பா', 'அக்கா'. அம்மா காலப்போக்கில் ஓர் ஐம்பது இங்கிலீஷ் வாக்கியம் கற்றாள். கோட்டைப் போட்டுக்கொள், மெதுவாக டிரைவ் பண்ணு, போய்ச் சேர்ந்ததும் கால் பண்ணு. ஒரு தாயும் மகனும் நாற்பது வருடத்துக்கு மேல் அந்த ஐம்பது வாக்கியத்துக்குள் குடியிருந்தார்கள். களத்தில் காய்ந்த மஞ்சளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

என் மகளை டேகேரில் விட்ட புதிதில் அங்கிருந்த டீச்சர் என்னை நிறுத்தி, வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள், குழந்தைக்கு அது நல்லது என்றார். காரில் வந்து சொன்னேன். அப்பா முன் சீட்டில், அம்மா பின் சீட்டில். ஓக் ட்ரீ ரோடு தாண்டியதும் அப்பா ரேடியோவை அணைத்தார். பிறகு, "அந்த டீச்சர் சொல்றது நெசமாலுமே சரியா?" என்றார்.

"ஆமாப்பா. இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப எங்களுக்கு ஏன் மாத்திச் சொன்னாங்க?"

கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வந்ததும் அப்பா கராஜுக்குள் போய், ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த சாமான்களை எடுத்து மறுபடி அடுக்கினார். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

தம்பிக்கு நாற்பது வயதான அன்று நான் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். நர்ஸம்மா, தப்பான வார்த்தை, கோள் சொன்னது. "உனக்கு ஒன்பது வயசு, அக்கா" என்று இங்கிலீஷில் சொல்லி என் தோளைத் தட்டினான். அவன் மன்னித்துவிட்டான். அவனிடமிருந்து எடுத்தது என்னவென்று அவனுக்குத் தெரியாது. தெரியாததை எப்படி மன்னிப்பது?

இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். உங்களில் சிலர் பார்த்திருக்கிறீர்கள். ஐந்து வருடமாக மறதி. முதலில் போனது இங்கிலீஷ்தான். ஐம்பது வாக்கியமும் ஒரு குளிர்காலத்துக்குள் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் பண்ணினால், அம்மா போனைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டிவிடுவாள்.

போன மாதம் அவன், மேற்குக் கரையில் தான் குடியிருக்கும் சான் ரமோனிலிருந்து வந்தான். சனிக்கிழமை மதியம். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்து, "ஹாய் அம்மா" என்றான். அம்மா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாங்க தம்பி. எந்த ஊருங்க நீங்க?"

அவன் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான். என்ன சொல்கிறாள், அக்கா?

எப்போது வந்தாய் என்று கேட்கிறாள் என்றேன். அவன் அவளிடம் நிறுத்தி நிறுத்தி, காலை ஃபிளைட்டில் வந்தேன், மழையில் தாமதமாகிவிட்டது என்று இங்கிலீஷில் சொன்னான். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அவன் முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாவம், இவருக்குத் தமிழ் வராதாட்ட இருக்குது. இவங்கம்மா இவருகூட எப்படித்தான் பேசுமோ?"

கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டேன். அவன் என் முகத்தையே பார்த்தான். "என்ன சொன்னாங்க?"

"சாப்பிடச் சொல்றாங்க" என்றேன், இங்கிலீஷில்.

அவன் எழுந்து மேஜையில் உட்கார்ந்தான். தட்டை வைத்தேன். அம்மா நாற்காலியிலிருந்து அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தோசை பாதி ஆவதற்குள், "அந்தத் தம்பிக்கு இன்னொன்னு வெய்யி, கூச்சப்படறாரு" என்றாள். அதற்கு அவன் அர்த்தம் கேட்கவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினான்.